யார் வண்டி முள்ளு?

சார், உங்கள் போனில் ஓரமாக ஒரு எண் மாறிக்கொண்டே இருக்கிறதே, அது வேகம்தானே? எழுபத்தொன்று. இப்போது எழுபத்திரண்டு. அப்படித்தான் இருக்கும். நான் மனசுக்குள் எழுபத்து மூன்று போட்டு வைத்திருந்தேன்.

எப்படித் தெரியும் என்றா? முப்பத்து நான்கு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன் சார். வெளியே கிலோமீட்டர் கல் போகிற போக்கைப் பார்த்தாலே தெரியும். இந்த பஸ் டிரைவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. கம்பிக்கு மேலே எட்டிப் பாருங்கள், வேகம் காட்டுகிற முள் எங்கே இருக்கிறது? பூஜ்யத்தில் படுத்திருக்கிறது. உயிர் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். கொடுத்து வைத்த மனுஷன். உன் முள் எவ்வளவு காட்டியது என்று நாளைக்கு யாரும் அவரை நிறுத்திக் கேட்க முடியாது.

என்னைக் கேட்கிறார்கள் சார். பதிமூன்று வருஷம் கழித்துக் கேட்கிறார்கள்.

நான் அவிநாசியில் இறங்க வேண்டும். நீங்கள் கோயமுத்தூரா? நல்லது. பெருந்துறையில் ஏறியதிலிருந்து இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது. வேகம் பார்த்துக்கொண்டே வருகிற ஆள் நீங்கள். உங்களுக்குப் புரியும்.

என் பெயர் பொங்கியண்ணன். எங்கள் பக்கத்துப் பெயர். பேரிலேயே அண்ணன் இருப்பதால் முதலாளிகூட என்னைப் பொங்கியண்ணா என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். வேறு என்ன பெருமை இருக்கிறது?

முதலாளிக்கு அவிநாசியில் ஒரு நூல் மில், சேலத்தில் ஒரு மில். வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாளும் சேலம் போயாக வேண்டும், மற்ற நாளும் வண்டி சும்மா நிற்காது. சேலத்துக்குப் போக மட்டும் நூற்றிருபது கிலோமீட்டர். இரண்டு வெள்ளைக் கார் வாங்கினார். ஒரே மாடல், ஒரே நாள். "பொங்கியண்ணா, உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ"ன்னார். நான்தான் முதலில் எடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது போக மிச்சம் இருந்ததுதான் அவனுக்கு.

அவன் என்றால் சென்னியப்பன். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். பத்தாவது ஃபெயில். ஃபெயில் ஆனாலும் பத்தாவதில் உட்கார்ந்தவன்தானே? அந்தப் பேச்சு வந்துவிடும். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வான். முதல் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தான். போன பிறகு என் சம்சாரம் கேட்கிறாள்: "ஏனுங்க, உங்ககூட வேல செய்யறவருதானே? எவ்வளவு தன்மையாப் பேசறாரு!" அவளோடு எனக்கு இருபத்தாறு வருஷக் குடித்தனம். என்னை ஒரு நாள் தன்மை என்று சொன்னதில்லை.

முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. அவருடைய தம்பி இந்த ரோட்டில்தான், விஜயமங்கலம் தாண்டி, வண்டி உருண்டு போய்ச் சேர்ந்தார். வேகம். அதற்கப்புறம் முதலாளி எந்த டிரைவரைச் சேர்த்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "முள்ளு எம்பதத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா சாவியக் குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போயிரலாம். நானும் எதுவும் பேசமாட்டேன், நீயும் பேசக்கூடாது."

முள் என்றுதான் சொன்னார் சார். வேகம் என்று சொல்லவில்லை. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி எப்போதும் என் வண்டியில்தான் வருவார். முன் சீட்டில், என் பக்கத்தில். காலுக்குக் கீழே சுக்குக் காபி பிளாஸ்க். சங்ககிரி தாண்டினதும் ஓடுகிற வண்டியிலேயே அவர் ஒரு மூடி ஊற்றிக் குடிப்பார். எனக்கும் அரை மூடி ஊற்றித் தருவார். சென்னியப்பன் வண்டியில் மேனேஜர் வருவார். இரண்டு வண்டியும் ஒன்றாகக் கிளம்பும், முன்னே பின்னே ஒரு நிமிஷத்தில் ஒன்றாகப் போய்ச் சேரும். பதினொரு மாதம் இப்படித்தான் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் நாங்கள் சேலம் மில் கேட்டில் நுழைகிறோம், மேனேஜர் வாசலில் நின்று முதலாளியைக் கும்பிடுகிறார். சட்டையெல்லாம் சரிசெய்து, முகம் கழுவி, பவுடர் போட்டு நிற்கிறார். எட்டு நிமிஷம் முன்னால் வந்துவிட்டார்களாம்.

ஒரு நாள் என்றால் சிக்னல், லாரி என்று ஏதாவது சொல்லலாம். அடுத்த வியாழக்கிழமையும் எட்டு நிமிஷம். அதற்கடுத்த திங்கட்கிழமையும். நான் முள்ளை எண்பதில் வைத்து அழுத்திக்கொண்டு போகிறேன். அவன் பெருமாநல்லூர் வரைக்கும் கண்ணுக்குத் தெரிவான், செங்கப்பள்ளி வருவதற்குள் புள்ளியாகிவிடுவான், அப்புறம் அதுவும் இருக்காது. நான் துரத்தவும் முடியாது. பக்கத்தில் முதலாளி, கண் முழுக்க முள்ளின் மேல்.

மூன்றாவது வாரம் காலையில் நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முதலாளி வந்தார். என் கதவுக்கு ஒரு அடி தள்ளி நின்றார்.

"பொங்கியண்ணா, இன்னிக்கு நான் சென்னியப்பன் வண்டில வாரேன். எப்படித்தான் ஓட்டறான்னு பாத்துப்போடறேன்."

சரிங்க என்றேன். மேனேஜர் என் வண்டியில் பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஜன்னலில் தட்டுகிற சத்தம். சென்னியப்பன். குனிந்து சிரிக்கிறான்.

"அண்ணா, முதலாளி பிளாஸ்க்கு உங்க வண்டில இருக்குதாமா. எடுத்துக் குடுங்கண்ணா."

எடுத்துக் கொடுத்தேன் சார். என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். சூடாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நாங் கண்ண எடுக்காமப் பாத்தேன் பொங்கியண்ணா. முள்ளு எம்பதுல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. ஒரு நூல் தாண்டல. ஆனா உனக்கு முன்னாடி வந்துட்டோம். நீ வழில எங்காச்சும் டீ குடிச்சியா?"

டீ குடித்தாயா என்று கேட்டார் சார்! நான் டீயே குடிக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும். பதினொரு மாதம் அரை மூடி சுக்குக் காபி ஊற்றிக் கொடுத்த மனுஷன் கேட்கிறார், டீ குடித்தாயா என்று.

அடுத்த வாரமும் அவர் அந்த வண்டியில்தான் ஏறினார். அதற்கடுத்த வாரமும். அப்புறம் யாரும் சொல்லாமலே பிளாஸ்க் அங்கே போய்விட்டது.

விஜயமங்கலம் டோல்கேட் வருகிறது பாருங்கள். அந்த வளைவில்தான் முதலாளி தம்பி... சரி, விடுங்கள். அதோ, ரோட்டோரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கல். அந்தக் கல்லைப் பற்றி சென்னியப்பன்தான் எனக்குச் சொன்னான். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். சேலம் மில்லில் ஒரு வேப்ப மரம் உண்டு, அதன் நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். நான் அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவனாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நா வேகமாப் போகல. உங்க முள்ளுதான் பொய் சொல்லுது."

"எம் முள்ளா?"

"உங்களுது மட்டும் இல்லீங்ணா, எல்லா வண்டி முள்ளும் கூட்டித்தான் காட்டும். செஞ்சு குடுக்கறவனே அப்படித்தான் வெப்பானாமா. கொறச்சுக் காட்டி எவனாச்சும் அடிபட்டா அவன் தலையில விழும். அதனால எழுவத்தஞ்சுல போனா எம்பதுன்னு காட்டும். உங்க டயரு வேற வழுக்கையாயிருச்சு. டயரு தேயத் தேய வட்டம் சின்னதாவுது, அதே தூரத்துக்கு அதிகமாச் சுத்தணும். முள்ளு இன்னும் ரெண்டு கூட்டிக் காட்டும்."

"அப்ப உன்ற முள்ளு மட்டும் அரிச்சந்திரனா?"

சிரித்தான். "எனக்கு இங்க சேலத்துல டயரு மாத்தறப்ப நம்ம சைசு இல்ல. மேனேஜர்கிட்டச் சொல்லிப்போட்டு ஒரு சைசு பெருசு போட்டேன். பெரிய டயரு ஒரு சுத்துக்கு அதிகம் போகுமில்லீங்களா? முள்ளு கூட்டறதும் டயரு கூட்டறதும் சரியாப் போச்சு. இப்பத்தான் முள்ளு நெசம் சொல்லுது. வேணும்னா கல்லுக்குக் கல்லு வாட்ச்ச வெச்சுப் பாருங்கண்ணா. எம்பதுல போனா ஒரு கல்லுக்கு நாப்பத்தஞ்சு செகண்டு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. நீங்களும் டயர மாத்தீருங்க, நாம ஒண்ணாவே போயிரலாம்."

நாம ஒண்ணாவே போயிரலாம் என்கிறான். எனக்கு எப்படி இருக்கும்? என் டயரை வழுக்கை என்கிறான். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய டயர் சார் அது! முதலாளி நாலு பேர் முன்னால், "பாரு, பொங்கியண்ணன் கையில டயர் எப்படி ஒழைக்குது"ன்னு சொன்ன டயர். அதை வழுக்கை என்கிறான். என் முள்ளைப் பொய் என்கிறான். போன வருஷம் வந்தவன்.

"நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ டவுசர் போட்டுட்டுத் திரிஞ்சிருப்பே"ன்னேன்.

"ஆமாங்ணா"ன்னான். அதற்கும் சிரிப்பு.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் லீவு. முதலாளி அவன் வண்டியில், என் வண்டி காலி. நூல் சாம்பிள் பெட்டி மட்டும். பக்கத்தில் யாரும் இல்லை, முள்ளைப் பார்க்க யாரும் இல்லை. நான் அவன் பின்னாலேயே விட்டேன். விடாமல், அவன் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டே. அவன் போகிற வேகத்துக்கு நான் போனேன். என் முள்ளைப் பார்க்கிறேன். எண்பத்தெட்டு.

எண்பத்தெட்டு சார். நிற்கிறது. இறங்கவே இல்லை.

சேலத்தில் முதலாளி இறங்கி ஆபீஸுக்குள் போனதும் நானும் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். சொன்னேன்: "முதலாளி, நான் பின்னாலயே வந்தேனுங்க. முள்ளு எம்பத்தெட்டு. சென்னியப்பன் பெரிய டயரப் போட்டு முள்ள ஏமாத்தறானுங்க. நீங்க பக்கத்துல இருக்கும்போதே எம்பத்தெட்டுல கூட்டிட்டு வாரானுங்க. தம்பி போன மாதிரி நீங்களும்..." அதற்கு மேல் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

முதலாளி எழுந்துவிட்டார். மில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் போய் டயரில் போட்டிருக்கிற நம்பரைப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாங்க, ஒரு சைசு பெருசுங்க. இதப் போட்டா முள்ளு கொறச்சுத்தான் காட்டுமுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இருந்ததைவிடக் குறைத்துத்தான் காட்டும். முதலாளிக்கு அது போதும். மேனேஜர் வேறு லீவு. இருந்தால் தன்னிடம் சொல்லித்தான் போட்டான் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. அப்புறம் வந்தும் சொல்லவில்லை. பெரிய மனுஷர்கள் விஷயம்.

வேப்ப மரத்தடியில்தான் நடந்தது. முதலாளி கத்தவில்லை. "முள்ள ஏமாத்தறதுக்கு டயர மாத்துனியா?" என்று மட்டும் கேட்டார்.

"முள்ளு ஏமாத்தலீங்க முதலாளி. இப்பத்தான் நெசம் சொல்லுது. ஒருக்கா கல்லுக்குக் கல்லு வாட்ச்சு வெச்சு..."

முதலாளி கையை நீட்டினார். அவ்வளவுதான். சட்டம் சட்டம்தான். நானும் பேசமாட்டேன், நீயும் பேசக்கூடாது.

சென்னியப்பன் சாவியை அவர் கையில் வைத்தான். துடைத்துவிட்டு வைத்தான் சார், வேட்டியில் துடைத்துவிட்டு. அப்புறம் என் பக்கம் திரும்பினான். முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

"கல்லுப் பாத்தீங்களாண்ணா?"

"கல்லாவது மண்ணாவது"ன்னேன்.

"கண்ணாடில உங்களப் பாத்துட்டேதாண்ணா வந்தேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விட்டான். கண்ணாடியில் என்னத்தைப் பார்த்தான், எதற்காக அப்படிச் சொன்னான் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும்... சரி, இருக்கட்டும்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. முதலாளி என் வண்டிக்கு வந்தார். பிளாஸ்க் வந்தது. அரை மூடி காபி வந்தது. அந்த வண்டிக்குப் பழைய சைஸ் டயரே போட்டு வேறு ஆளைச் சேர்த்தார்கள், அவன் எனக்குப் பின்னாலேயே வருவான். ஒன்பது வருஷம் அப்படி ஓட்டினேன். முள் எண்பதில். யாரும் என்னை டீ குடித்தாயா என்று கேட்கவில்லை.

சென்னியப்பனா? இரண்டு வருஷம் லாரியில் போனான். பெண்சாதி பிள்ளைகளை மாமனார் வீட்டில் விட்டிருந்தான் என்று சொன்னார்கள். அப்புறம் எப்படியோ ஒரு பழைய கார் வாங்கி, அது இரண்டாகி, இப்போது ஆறு வண்டி ஓடுகிறது. சென்னியப்பன் டிராவல்ஸ். அவிநாசியில் போர்டே இருக்கிறது, இறங்கும்போது காட்டுகிறேன். நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவனும் என்னைப்போல ரிட்டயர்டு டிரைவர்தான். அவன் முதலாளி ஆனதற்கு யார் காரணம்? ஒரு நாள், ஒரு வார்த்தை, உங்களால்தாண்ணா என்று சொன்னதுண்டா? சொல்ல மாட்டான். ஆனால் வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்குப் பொரியும் இனிப்பும் வீட்டுக்கு வந்துவிடும். "பாத்தீங்களா, மறக்காம அனுப்பறாரு" என்பாள் என் சம்சாரம். நான் தொட மாட்டேன். அவள் சாப்பிடுவாள். என் கண் முன்னாலேயே சாப்பிடுவாள்.

இதெல்லாம் முடிந்து போன கதை சார். போன புதன்கிழமை முதலாளி போன் போட்டார். நான் வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. எண்பது வயசு அவருக்கு. எண்பது! இப்போதுதான் அவர் முள்ளும் எண்பதில் நிற்கிறது. பேரன் புது வண்டி வாங்கியிருக்கிறான், அதில் தாத்தாவை சேலம் கூட்டிப்போயிருக்கிறான். உங்களைப்போலவே போனை முன்னால் மாட்டியிருக்கிறான். தாத்தா முள்ளைப் பார்த்திருக்கிறார். பழக்கம் விடுமா? முள்ளு எண்பது. போனில் எழுபத்து நான்கு. "உன்ற போனு தப்புக் காட்டுது கண்ணு" என்றாராம். பேரன், "இல்ல தாத்தா, எந்த வண்டி முள்ளும் கூட்டித்தான் காட்டும். ஊரு ஒலகத்துக்கே தெரியுமே" என்றானாம். டயரைப் பற்றியும் அவனே சொல்லியிருக்கிறான். சென்னியப்பன் சொன்ன அதே பேச்சு. அப்போது அவனைப் பேசவிடவில்லை. இப்போது பேரன் சொன்னால் காதில் ஏறுகிறது.

முதலாளி என்னிடம் நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கேட்டார்.

"பொங்கியண்ணா, அன்னிக்கு எம்பத்தெட்டுன்னு வந்து சொன்னியே. அது யாரு வண்டி முள்ளு?"

நான், "சரியாக் கேக்கலீங்க, லைன் சரியில்லீங்க" என்றேன்.

"ஞாயித்துக்கெழம நேருல வா. சென்னியப்பனையும் வரச் சொல்லீருக்கறேன். ரெண்டு பேரையும் வெச்சுக் கேக்கோணும். நாங் கண்ண மூடறதுக்குள்ள தெரிஞ்சுக்கோணும்" என்றார். வைத்துவிட்டார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

செங்கப்பள்ளி போய்விட்டதா? இன்னும் கொஞ்ச தூரம்தான். இந்த பஸ் இன்றைக்கு இப்படிப் பறக்க வேண்டுமா?

பதில் எனக்கென்ன கஷ்டமா சார்? "என் வண்டி முள்ளுங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் என்ன தப்பு? என் வண்டியில் உட்கார்ந்து என் முள்ளைத்தான் பார்க்க முடியும். அவன் முள்ளை நான் எப்படிப் பார்ப்பேன்? நான் படிக்காதவன், எனக்கென்ன தெரியும், முள் காட்டியதைச் சொன்னேன். இப்படிச் சொல்லலாம். சொன்னால் முதலாளி நம்புவார். படிக்காதவன் என்றால் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களும் அதையேதான் கேட்கப் போகிறீர்களா? கல்லைப் பார்த்தாயா என்று?

பார்த்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை, மேனேஜரும் அவன் வண்டியிலேயே ஏறிவிட, சேலத்திலிருந்து காலி வண்டியில் தனியாகத் திரும்பினேன். என் மச்சினனுடைய செகண்டு முள் வைத்த வாட்ச்சை வாங்கி ஸ்டீயரிங்கில் கட்டிக்கொண்டு வந்தேன். முள் எண்பது. கல்லுக்குக் கல் எண்ணினேன். நாற்பத்தொன்பது. ஐம்பது. நாற்பத்தொன்பது. பத்துக் கல் எண்ணிவிட்டு ஓரம் கட்டினேன். எழுபத்து மூன்றில் போய்க்கொண்டு எண்பது எண்பது என்று இருந்திருக்கிறேன் சார். வருஷக்கணக்காக.

அவன் பின்னால் போன அன்றைக்கும் வாட்ச் ஸ்டீயரிங்கில்தான் இருந்தது. என் முள் எண்பத்தெட்டு. கல்லுக்குக் கல் நாற்பத்தைந்து. அடுத்த கல், நாற்பத்தைந்து. பெருந்துறையிலிருந்து சங்ககிரி வரைக்கும் எண்ணினேன். அவன் ஒரு நூல் தாண்டவில்லை. ஆணி அடித்த மாதிரி எண்பதில் போனான். கணக்கு சுத்தமாக வந்தது. அதுதான் சார் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கல்லிலாவது நாற்பத்து நான்கு வந்திருந்தால் நான் அவனை மன்னித்திருப்பேன்.

ஒவ்வொரு கல் வரும்போதும் நான் தலையைத் திருப்பிக் கல்லைப் பார்ப்பேன், குனிந்து வாட்ச்சைப் பார்ப்பேன். கல்லைப் பார்ப்பேன், வாட்ச்சைப் பார்ப்பேன். முன்னால் போகிறவன் கண்ணாடியில் பார்த்தால் அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது என்று சொன்னேனே, தெரியும். அன்றைக்கே தெரியும். முதலாளி முன்னால் அவன் அதைச் சொல்லியிருக்கலாம். "இவரே எண்ணிப் பாத்தாருங்க, கேளுங்க" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. பதிமூன்று வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. பொரி அனுப்புகிறான். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம். பொரி அனுப்புகிறான்!

அந்த ஒன்பது வருஷமும் முதலாளி பக்கத்தில் தூங்கிக்கொண்டு வருவார், நான் அரை மூடி காபி குடித்துவிட்டு ஓட்டுவேன். தானாகக் கல்லை எண்ணும் சார், மனசு. நிறுத்த முடியாது. நாற்பத்தொன்பது, ஐம்பது, நாற்பத்தொன்பது. எந்தத் திங்கட்கிழமையும், அவன் இருந்திருந்தால் இந்நேரம் கேட்டைத் தாண்டியிருப்பான் என்றுதான் போய்ச் சேர்வேன்.

பெருமாநல்லூர் தாண்டிவிட்டோம். பையை எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று சாயங்காலம் அவனே போன் போட்டான். "அண்ணா, அவிநாசி ஸ்டாண்டுல எறங்குங்க, நா வண்டியோட நிக்கறேன், ஒண்ணாவே போயிரலாம்" என்றான். மறுபடியும் ஒண்ணாவே போயிரலாம். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். முதலாளி என்னைக் கேட்பார், நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "போகட்டும் விடுங்க முதலாளி, அண்ணன் தெரியாமச் சொல்லீட்டாரு" என்பான். சிரித்துக்கொண்டே சொல்வான். முதலாளி அவன் தோளைத் தட்டுவார். என் சம்சாரத்துக்குச் செய்தி போகும். எவ்வளவு தன்மையான மனுஷன்! அதோடு முடிந்தது. ஆயுசுக்கும் நான் அவனுக்குப் பின்னால்தான். எட்டு நிமிஷம் இல்லை சார், அது எண்ணவே முடியாத தூரம்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். அவனை முந்த ஒரே வழிதான் இருக்கிறது. முதலாளி கேட்பதற்கு முன்னால், அவன் மன்னிப்பதற்கு முன்னால், ஸ்டாண்டில் அவன் கார் கதவைத் திறந்ததும் நானே சொல்லிவிட வேண்டும். எண்ணினேன் சென்னியப்பா, நாற்பத்தைந்துதான் வந்தது, தெரிந்துதான் சொன்னேன் என்று. இதை என்னைத் தவிர வேறு யாரும் முதலில் சொல்ல முடியாது. இந்த ஒன்றிலாவது நான் முதலில் போய்ச் சேர வேண்டும். நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதோ ஸ்டாண்டு. மணி என்ன சார் உங்கள் போனில்? பத்து முப்பத்திரண்டா? பத்து நாற்பதுக்கு வருவேன் என்றுதான் சொல்லியிருந்தேன். அவன் வருவதற்குள் இறங்கி, நிழலில் நின்று, முகத்தைத் துடைத்து, வார்த்தையை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று...

அட, அந்த வெள்ளை வண்டி. அவனேதான். தலை நரைத்துவிட்டது, சிரிப்பு அப்படியே இருக்கிறது. வண்டியில் சாய்ந்துகொண்டு எவ்வளவு நேரமாக நிற்கிறானோ! கையில் என்ன அது, தூக்கித் தூக்கிக் காட்டுகிறான்? சாவியா? ஆமாம், சாவி. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியை என் பக்கம் நீட்டுகிறான். நான் ஓட்ட வேண்டுமாம்.

சார், கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள். வழி விடுங்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் இறங்கியாக வேண்டும்.